துருவ நட்சத்திரம் தாழ்ந்த ஊரில் எந்தத் தொலைநோக்கி, எந்தக் கமெரா?

அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு, கனடாவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய காசை வைத்துக்கொண்டு மாசி மாதம் என்னிடம் வந்தான். "மாமா, பால்வீதிய வடிவா எடுக்கவேணும். எந்த ரெலஸ்கோப் வாங்கிறது?" போனில் நாலு பக்கம் திறந்திருந்தது. எட்டு அங்குல ஆடித் தொலைநோக்கி ஒன்று, கையடக்கமான ஸ்மார்ட் தொலைநோக்கி ஒன்று, பாரமான மவுண்டோடு (தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் தாங்கி) சிறிய வில்லைத் தொலைநோக்கி ஒன்று, கமெராவை மட்டும் சுழற்றும் ட்ராக்கர் ஒன்று.

"எங்க வைச்சு எடுக்கப்போறாய் எண்டு முதல்ல சொல்லு."

"உவர்மலை வீட்டு மேல்தட்டில. இல்லாட்டி நிலாவெளிக்குக் கொண்டு போவன்."

அன்றிரவு வெகுநேரம் பேசினோம். பேசியதை எழுதி வைக்கிறேன். வானத்தைப் படமெடுப்பதற்கான வழிகாட்டிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ வட அமெரிக்காவிலோ இருந்துகொண்டு எழுதப்பட்டவை. அவர்களுக்குக் குளிர், உயரத்தில் நிற்கும் துருவ நட்சத்திரம். நமக்கு வெக்கை, உப்புக்காற்று, அடிவானத்தோடு ஒட்டிய துருவம். அவர்கள் சொல்லும் வரிசையிலேயே வாங்கி, ஒரு வருடத்தை வீணாக்கியவன் நான்.

எங்கள் ஊரான திருகோணமலை வட அகலாங்கு 8.6 பாகையில் இருக்கிறது. ஓர் ஊரின் அகலாங்கு எவ்வளவோ, துருவம் அங்கே அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். லண்டனில் 51 பாகை. இங்கே கையை நீட்டி முட்டியைப் பொத்தி அடிவானத்தின் மேல் வைத்தால் துருவ நட்சத்திரம் அந்த முட்டிக்குள் மறைந்துவிடும். வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் போதும், அந்த நட்சத்திரம் கிடையாது. பூமி சுழலும் அச்சுக்கு இணையாகத் தன் அச்சை வைத்துச் சுற்றும் எந்த மவுண்டுக்கும் இந்தத் துருவம்தான் ஆதாரம். ஆகவே நாலு தெரிவுகளையும் நான் முதலில் இந்த ஒரு உரைகல்லில்தான் உரைத்துப் பார்ப்பேன்: துருவம் தாழ்ந்திருப்பதை எது எவ்வளவு பொறுத்துக்கொள்ளும்?

பாரமான மவுண்டைத்தான் நான் முதலில் வாங்கினேன், பழையதாக, ஒரு ஆடித் தொலைநோக்கியோடு சேர்த்து. வீட்டுக்குக் கொண்டுவந்து முக்காலியில் ஏற்றிய பிறகுதான் அதன் உயரத் திருகு 15 பாகைக்குக் கீழே இறங்காது என்று தெரிந்தது. விற்றவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தெற்குப் பக்கக் காலை நீட்டி, வடக்குப் பக்கத்தைத் தாழ்த்தி, முக்காலியையே சரித்து வைத்துப் பல மாதம் சமாளித்தேன். இன்னொரு சிக்கலும் வந்தது. அச்சு இவ்வளவு படுத்த நிலையில் இருக்கும்போது சமநிலைக் குண்டைத் தாங்கும் தண்டு நேர் கீழாகத் தொங்கும். வடக்கே நீட்டியிருக்கும் காலில் போய் இடிக்கும். வடக்கே ஒற்றைக்காலை வைக்காமல் இரண்டு கால்களை வைத்தால் குண்டு அவற்றுக்கு நடுவே போகும், அல்லது முக்காலிக்கும் மவுண்டுக்கும் இடையில் ஒரு நீட்டுத்தூண் போடவேண்டும். ஸ்கை-வாட்சரின் ஈகியூ6-ஆர் 5 பாகைவரை இறங்கும், நமக்குப் போதும். ஆனால் தலை மட்டும் 17 கிலோவுக்கு மேல். முக்காலியும் குண்டுகளும் வேறு. மோட்டார் சைக்கிளில் போய்வருகிற ஒரு பெடியனுக்கு அது ஆகாது. அண்மைக் காலத்தில் வந்த ஏஎம்5 போன்ற ஹார்மோனிக் கியர் மவுண்டுகள் 5 கிலோ பாரத்தில் 13 கிலோவரை குண்டே இல்லாமல் தாங்குகின்றன. இடிக்கிற குண்டு இல்லாததால் நம் ஊருக்கு அது மிகப் பொருத்தம். விலைதான் பொருந்தாது.

துருவம் தாழ்ந்திருப்பதில் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் உண்டு. அந்த உயரத்தில் காற்றுமண்டலம் ஒளியை வளைத்து, துருவத்தை அதன் மெய்யான இடத்திலிருந்து ஏறக்குறைய 6 கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை) தூக்கிக் காட்டும். நிலவின் அகலம் 30 கலை. அதில் ஐந்தில் ஒரு பங்கு. மவுண்டில் துருவத்தைப் பார்ப்பதற்கென்று இருக்கும் சிறிய துருவக் குழாய்க்குள் நட்சத்திரத்தைச் சரியாக வட்டத்தில் வைத்தாலும் இந்தப் பிழை உள்ளே இருக்கும். அதோடு நம் கையால் வரும் பிழையையும் சேர்த்து 10 கலை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 2.6 விகலை (கலையில் அறுபதில் ஒன்று ஒரு விகலை) விலகும். ஒரு படத்துக்கு 2 நிமிடம் திறந்து வைத்தால் 5 விகலைக்குச் சற்று மேல்.

இப்போது கமெராவின் பிக்சலைப் பாருங்கள். பிக்சலின் அளவை மைக்ரோனில் எடுத்து 206ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தால் (அதன் மேல் எழுதியிருக்கும் மி.மீ. அளவு) வகுத்தால் ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலையைப் பிடிக்கிறது என்று வரும். 4.3 மைக்ரோன் பிக்சல் உள்ள ஒரு பழைய கனன் கமெராவில் 135 மி.மீ. லென்ஸ் போட்டால் 6.6 விகலை. அந்த 5 விகலைப் பிழை ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். படத்தில் தெரியவே தெரியாது. 400 மி.மீ. வில்லைத் தொலைநோக்கியில் அதே பிழை இரண்டு பிக்சலைத் தாண்டும், நட்சத்திரம் முட்டை வடிவமாகும். 1000 மி.மீ. ஆடியில் ஆறு பிக்சல், நட்சத்திரம் கோடாகும். நான் அந்த ஒரு வருடம் எடுத்தவை எல்லாம் கோடுகள்தான்.

மருமகனுக்கு இந்தக் கணக்கை ஒரு கொப்பித் தாளில் போட்டுக் காட்டினேன். இதற்குப் பிறகு எட்டு அங்குல ஆடியைப் பற்றி அவன் பேசவில்லை.

நீண்ட குவியத்தூரத்துக்கும் வழி இல்லாமலில்லை. துருவ நட்சத்திரத்தையே பார்க்காமல், வானத்தின் மூன்று இடங்களைப் படமெடுத்து, அவற்றிலிருந்து அச்சு எங்கே நிற்கிறது என்று கணித்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. நினா என்ற இலவச மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. வழிகாட்டிக் கமெரா ஒன்றைப் பொருத்தி ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டே மவுண்டைத் திருத்தவும் முடியும். ஆனால் அதற்கு மடிக்கணினி, கேபிள்கள், இரண்டாவது கமெரா, எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் பற்றரி வேண்டும். இருட்டில் கடற்கரை மணலில் அவ்வளவையும் விரித்து வைப்பதற்குள் பாதி இரவு போய்விடும். இதைச் செய்யவேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரண்டாவது வருடத்தில் செய்யலாம்.

ஸ்மார்ட் தொலைநோக்கி வேறு கதை. 2023இல் வந்த சீஸ்டார் எஸ்50ஐ எடுத்துக்கொண்டால், 50 மி.மீ. வில்லை, 250 மி.மீ. குவியத்தூரம், கமெரா, பற்றரி எல்லாம் ஒரே பெட்டிக்குள், இரண்டரைக் கிலோ. துருவம் தேவையில்லை. போனில் பெயரைத் தொட்டால் தானே தேடிப்போய் 10 விநாடிப் படங்களாக எடுத்து அடுக்கிக்கொண்டே போகும். நிலத்தோடு சமமாகச் சுழன்றும் மேலே கீழே அசைந்தும் பின்தொடர்வதால் படச்சட்டம் மெல்ல மெல்லத் திரும்பும். இந்தத் திரும்பலில் நம் ஊருக்கு ஒரு விசேடம் உண்டு. நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் அது இல்லை. வானநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளவை இங்கே கிழக்கிலிருந்து ஏறக்குறைய நேர் மேலே எழும்புவதால், ஒரியன் நெபுலாவை (நெபுலா என்பது விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) கடலுக்கு மேல் இரண்டு மணி நேரம் எடுத்தாலும் சட்டம் அவ்வளவாகத் திரும்பாது. லண்டன்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதே கருவியைத் தெற்கே 57 பாகை உயரத்தில் நிற்கும் தனுசு ராசியின் லகூன் நெபுலாவுக்குத் திருப்பினால் மணிக்கு 27 பாகை வேகத்தில் சட்டம் சுழலும். 10 விநாடிப் படத்தில் தாங்கலாம். 30 விநாடியில் ஓரத்து நட்சத்திரங்கள் வளையும். பின்னர் வந்த மேம்படுத்தலில் இதையும் துருவத்தை நோக்கிச் சரித்து வைத்து எடுக்கலாம் என்றார்கள். நம் அகலாங்கில் சரிப்பதென்றால் ஏறக்குறையப் படுக்கவைப்பதுதான். நல்ல பாரமான முக்காலி இல்லாமல் அதைச் செய்யவேண்டாம்.

ஸ்மார்ட் தொலைநோக்கியில் எனக்குள்ள மனக்குறை வேறு. அதன் பார்வைப்புலம் 1.3க்கு 0.7 பாகை. ஒமேகா செந்தோரி என்ற நட்சத்திரக் கொத்து அதற்குள் வடிவாக அடங்கும், நிலவளவுதான். ஒரியன் நெபுலா ஒரு பக்கம் இடித்துக்கொண்டு அடங்கும். இரண்டு பாகை அகலமான கரீனா நெபுலா அடங்காது. துண்டு துண்டாக எடுத்து ஒட்டவேண்டும். பால்வீதியைக் கேட்டு வந்தவனுக்கு அது கதவுத் துவாரம் வழியாகத் தேரைப் பார்ப்பது போல. பாடசாலையில் ஒரு வானியல் கழகம் இருந்து, முப்பது பிள்ளைகளுக்கு ஒரே இரவில் பத்துப் பொருள் காட்டவேண்டும் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் வாங்கச் சொல்வேன். தனியொருவன் படமெடுக்கப் பழகுவதற்கு அல்ல. அது எல்லாவற்றையும் தானே செய்துவிடுகிறது. பிழை எங்கே வந்தது, ஏன் வந்தது என்று அவன் கையால் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

மிஞ்சுவது ட்ராக்கர். ஸ்கை-வாட்சரின் ஸ்டார் அட்வென்ச்சரர் 2ஐ ஒரு கிலோ பாரம், 5 கிலோ தாங்கும், பூச்சியத்திலிருந்து எந்த அகலாங்குக்கும் சரியும். அதன் மேல் பழைய கனன் கமெரா, 135 மி.மீ. எஃப் 2 (ஒளித்துளை அகலமான) லென்ஸ். சட்டத்துக்குள் 9.4க்கு 6.3 பாகை வானம் விழும். கேட்டை நட்சத்திரமும் அதைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாகப் பரந்திருக்கும் தூசி மேகங்களும் ஒரே படத்தில் வரும். கார்த்திகைக் கூட்டம் சுற்றியுள்ள மங்கல் தூசியோடு வரும். தெற்குச் சிலுவையும் கரிமூட்டை நெபுலாவும் ஒன்றாக வரும். ட்ராக்கரே இல்லாமல் முக்காலியில் எடுத்தால் இதே லென்ஸுக்கு இரண்டு விநாடிக்கு மேல் திறக்க முடியாது, நட்சத்திரம் நீண்டுவிடும். ட்ராக்கர் இருந்தால் 2 நிமிடம். தொலைநோக்கி என்ற சொல் இதில் எங்கும் இல்லை என்பதுதான் மருமகனுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பால்வீதி, கரீனா, கேட்டைப் பக்கம், எல்லாம் அகலமானவை. அகலமானதைப் பிடிக்க அகலமான கண் வேண்டும்.

கமெரா விடயத்தில் வெக்கைதான் பேச்சு. மார்ச்சிலும் ஏப்ரலிலும் இங்கே நள்ளிரவிலும் 26, 27 பாகை செல்சியஸ். கமெராவின் உணர்கருவியில் இருட்டிலேயே எழும் இரைச்சல் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பொய்யொளி), ஏறக்குறைய 6 பாகை ஏற ஏற இரட்டிப்பாகும். ஐரோப்பாவில் மாரியில் எடுப்பவரின் சாதாரண கமெராவும் குளிரூட்டிய கமெராபோல வேலை செய்யும். நமது கமெரா உள்ளே இன்னும் சூடாகி 35 பாகையைத் தொடும். ஆகவே குளிரூட்டிய வானியல் கமெரா நமக்குத்தான் உண்மையில் பெரிய வித்தியாசத்தைத் தரும். ஏஎஸ்ஐ533 போன்றவை சூழலிலிருந்து 35 பாகை வரை கீழே இறக்கும். நம் இரவில் -5இல் நிறுத்தி வைக்கலாம். ஆனால் அது குடிக்கும் மின்சாரத்துக்குப் பெரிய பற்றரியும் கட்டுப்படுத்த ஒரு கணினியும் வேண்டும். உடனே மூட்டை பெருத்துவிடும்.

பழைய கமெராவோடு சமாளிக்க நம் காலநிலையே ஒரு கை கொடுக்கிறது. இரவு முழுவதும் வெப்பநிலை ஓரிரு பாகைக்கு மேல் மாறாது. ஆகவே மூடியைப் போட்டு, அதே நேரம், அதே ஐ.எஸ்.ஓ.வில் முப்பது இருட்டுப் படங்கள் எடுத்து வைத்தால், இரைச்சலைக் கழிப்பதற்கு அடுத்த இரவுக்கும் உதவும். ஒரு செலவை மட்டும் தள்ளிப் போடவேண்டாம் என்பேன். சாதாரணக் கமெராவின் உள்வடிகட்டி, நெபுலாக்களின் சிவப்பான 656 நானோமீற்றர் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கரீனாவும் லகூனும் அந்த ஒளியில்தான் எரிகின்றன. அந்த வடிகட்டி மாற்றப்பட்ட பழைய கமெரா கிடைத்தால், புதிய கமெராவை விட அதுதான் மேல்.

இடத்தைப் பற்றி அவன் யோசித்ததிலும் ஒரு திருத்தம் சொன்னேன். நிலாவெளியில் கடல் வடகிழக்கே. கிழக்கு வானம் நன்றாக இருளும், வடக்கே துருவமும் கிடைக்கும். ஆனால் நகரத்தின் வெளிச்சம் தெற்கே விழும். கரீனா இங்கே 22 பாகைக்கு மேல் ஏறாது, ஒமேகா செந்தோரி 34. இரண்டும் அந்த வெளிச்சத்துக்குள் நிற்கும். குச்சவெளிவரை போனால் குறையும், நீங்காது. கொட்டியாரக் குடாவுக்கு மறுபக்கம், சம்பூர், வெருகல் பக்கம் போனால் தலைகீழ்: தெற்கு வானம் கருமையாக இருக்கும், துருவம் நகரத்தின் வெளிச்சத்துக்கு மேலே மங்கலாகத் தெரியும். துருவ நட்சத்திரம் கொஞ்சம் மங்கினாலும் பிடித்துவிடலாம், மங்கிய நெபுலாவைப் பிடிக்க முடியாது. ஆகவே நான் தெற்கே போவேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அது ஒரு மாலைப் பயணம்தான். எங்கே போனாலும் பகலில் ஒருமுறை போய், அந்த ஊரில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, முடிந்தால் அவர் வளவுக்குள்ளேயே வைத்து எடுப்பது நல்லது. இருட்டில் கறுத்தக் குழாயோடு நிற்பவரை யாரும் வந்து விசாரிப்பது நியாயம்தான். உள்ளே காட்டுப்பக்கம் என்றால் யானையையும் நினைக்கவேண்டும்.

நாள் பார்ப்பதற்கு ஒரு சுலபமான வழி. சிவராத்திரி அமாவாசைக்கு முந்தின இரவு. மாரி மழை ஓய்ந்து வானம் வெளிக்கும் காலமும் அதுதான். கோணேசர் கோயிலில் ஊர் விழித்திருக்கும் அந்த இரவிலிருந்து வைகாசி வரை வரும் அமாவாசைகள்தான் நம் நல்ல காலம். வைகாசிக்குப் பிறகும் வானம் காயும். ஆனால் கச்சான் காற்று எழும்பிவிடும், நீண்ட குழாய்கள் எல்லாம் ஆடும். அதிலும் சிறிய லென்ஸும் பதிந்த முக்காலியும்தான் தாக்குப்பிடிக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்குப் போயா விடுமுறை முழுநிலவில் வருவது ஒரு சங்கடம். அந்த இரவுகளை நிலவுக்கும் கோள்களுக்கும் விடலாம்.

கோள்கள் என்றதும் ஒதுக்கி வைத்த எட்டு அங்குல ஆடியின் பக்கம் திரும்பவேண்டும். நீண்ட குவியத்தூரத்தை நான் ஒதுக்கியது நெபுலாக்களுக்கு மட்டும். வியாழன், சனி, செவ்வாய் எடுப்பதற்குத் திருகோணமலை பொறாமைப்படத்தக்க இடம். கோள்கள் சூரியனின் பாதையை ஒட்டியே போகின்றன. அவை உச்சம் கடக்கும்போது இங்கே ஏறக்குறைய 58 பாகைக்குக் கீழே இறங்காது. லண்டனில் மோசமான வருடங்களில் 15 பாகையில் நின்று காற்றின் அசைவில் கொதிக்கும். கோள்களைப் படமெடுப்பதில் பேர்போன இங்கிலாந்துக்காரர் டேமியன் பீச், கருவிகளைக் கட்டிக்கொண்டு பார்படோசுக்குப் போனது இந்த உயரத்துக்காகத்தான். நமக்கு அது வீட்டு மேல்தட்டில் கிடைக்கிறது. நகர வெளிச்சமும் இதற்குப் பெரிய தடையில்லை. 127 மி.மீ. மக்சுதோவ் (ஆடியும் வில்லையும் சேர்ந்த, மூடிய குட்டைக் குழாய்), 1500 மி.மீ. குவியத்தூரம், சிறிய வீடியோக் கமெரா. ஆயிரக்கணக்கான சட்டங்களை எடுத்து, ஓட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் நல்லவற்றை மட்டும் அடுக்கினால் போதும். ஒவ்வொரு சட்டமும் விநாடியின் சிறு துண்டுதான் என்பதால் துருவப் பிழை பொருட்டே இல்லை. வியாழனின் பட்டைகளைத்தான் எடுக்கவேண்டும் என்று அவன் கேட்டிருந்தால், என் பதில் முழுவதும் மாறியிருக்கும்.

உப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். திறந்த குழாயுள்ள ஆடித் தொலைநோக்கியின் அலுமினியப் பூச்சைக் கடற்காற்று அரிக்கும். என் ஆடியின் விளிம்பில் இரண்டாவது மாரிக்குள் வெண்புள்ளிகள் வந்தன, திருகாணிகள் துருப்பிடித்தன. மூடிய குழாயும் லென்ஸும் தப்பும். ஆனால் மாரி ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படரும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி, இவ்வளவும் முதல் நாளே வாங்கப்படவேண்டியவை. கடற்கரையிலிருந்து வந்ததும் முக்காலியின் கால்களை நல்ல தண்ணீர்த் துணியால் துடைக்கவேண்டும். பனி படியாமல் லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூட்டுப்பட்டியும் வேண்டும். போன் பற்றரியிலேயே அது ஓடும்.

அவன் வாங்கியது ட்ராக்கர், வடிகட்டி மாற்றிய பழைய கனன், 135 மி.மீ. லென்ஸ். மிஞ்சிய காசில் பாதியை வங்கியில் வைத்தான்.

சித்திரை அமாவாசையை ஒட்டி சம்பூர்ப் பக்கம் தெரிந்த ஒருவரின் வளவில் நின்றோம். துருவ நட்சத்திரத்தைக் குழாய்க்குள் பிடிக்க அவனுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. நான் கையை நீட்டவில்லை. ஒன்பது மணிக்குக் கரீனா தெற்கே உச்சத்தில். 2 நிமிடப் படங்கள் அறுபது எடுத்தான். அவற்றில் பதினொரு படங்களில் நட்சத்திரங்கள் இரட்டையாக இருந்தன, நாய் ஒன்று முக்காலியோடு உரசிய நேரம். மிச்சம் நாற்பத்தொன்பதையும் மறுநாள் சிரில் மென்பொருளில் அடுக்கினான். சிவப்பு மேகம் வந்தது, நடுவில் சாவித்துவாரம் போன்ற அந்தக் கருமையும் தெரிந்தது. ஓரத்து நட்சத்திரங்கள் கொஞ்சம் சிறகு விரித்திருந்தன. லென்ஸை எஃப் 2இல் முழுக்கத் திறந்து வைத்திருந்தான். எஃப் 2.8க்கு மூடினால் அது சரிவரும் என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். அடுத்த அமாவாசைக்குக் கேட்டைப் பக்கம் போகப்போகிறான், நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில் அது உச்சத்துக்கு வருவதைக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறான்.